அலைவரிசையில் துப்பறிந்தவர்கள் – 6: சாம் ஸ்பேட் யாருக்குச் சொந்தம்?

சென்ற இதழில் ஷெர்லக் ஹோம்ஸ் அமெரிக்க வானொலிக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். 1930 அக்டோபரில் காபி நிறுவனம் ஒன்றின் செலவில் என்.பி.சி. ஒலிபரப்பிய அந்த முதல் நாடகத்துக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள், வானொலித் துப்பறிவாளன் என்றால் பெரும்பாலும் மூளைக்காரன். சாம்பலைப் பார்த்துச் சுருட்டின் பெயரைச் சொல்பவன். போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது அந்த ரகம் கேட்பவர்களுக்குப் பழசாகிவிட்டிருந்தது. அந்த இடத்துக்கு வந்தவன் வாடகை பாக்கி வைத்திருப்பவன், போலீசாரோடு ஒத்துப்போகாதவன், அடி வாங்குபவன், வாங்கிய அடியைப் பற்றித் தானே கேலி பேசுபவன். 1946 ஜூலை 12 வெள்ளிக்கிழமை ஏ.பி.சி. வானொலியில் தொடங்கிய ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சாம் ஸ்பேட்’ அந்த ரகத்தின் தலைப்பிள்ளை என்பது என் எண்ணம். அதற்கு முன்னும் இத்தகையவர்கள் வானொலியில் தலைகாட்டியதுண்டு. ஆனால் அதன் பின் வந்த தனியார் துப்பறிவாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்பேடின் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுதப்பட்டார்கள்.

ஸ்பேடைப் படைத்த டாஷியல் ஹேமெட் துப்பறியும் தொழிலைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். 1894-இல் மேரிலாந்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். 1915-இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது படையில் இருந்த காலம் போக, 1922 வரை அந்த வேலையைத்தான் பார்த்தார். காசநோய் உடம்பை உருக்கியதால் ஆளைப் பின்தொடரும் வேலை இனி முடியாது என்றானபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவுவிலை இதழுக்குக் கதை எழுதத் தொடங்கினார். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ அந்த இதழில் 1929 செப்டம்பர் முதல் தொடராக வந்து, 1930-இல் நூலானது. அதில்தான் ஸ்பேட் பிறந்தான். ஸ்பேடுக்கு நிஜ வாழ்வில் முன்மாதிரி யாரும் இல்லை என்றும், தன்னோடு வேலை பார்த்த துப்பறிவாளர்கள் எப்படி இருக்க ஆசைப்பட்டார்களோ அந்த மனிதனைத்தான் எழுதினேன் என்றும் ஹேமெட் பிற்பாடு சொன்னார்.

அந்த நாவலைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆசிரியர் ஒரு வரியில்கூட ஸ்பேடின் மனத்துக்குள் நுழைவதில்லை. அவன் சிகரெட் சுருட்டுவதை, கண்ணைச் சுருக்குவதை, கதவைச் சாத்துவதை வெளியே நின்று சொல்லிக்கொண்டு போவார். அவன் நல்லவனா, கூட்டாளியின் சாவுக்கு வருந்துகிறானா, தன்னைத் தேடி வந்த பெண்ணைக் காதலித்தானா என்பதெல்லாம் வாசகர் ஊகிக்க வேண்டியது. முகமே எல்லாமாக இருந்த அப்படி ஒருவனை முகம் தெரியாத ஊடகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? 1941-இல் ஜான் ஹஸ்டன் இந்த நாவலைப் படமாக எடுத்தபோது ஸ்பேடாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காமிரா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வானொலிக்கு வேறு வழி தேவைப்பட்டது.

வழியைக் கண்டவர் வில்லியம் ஸ்பியர். ‘சஸ்பென்ஸ்’ நாடக வரிசையைத் தயாரித்துப் பெயர் பெற்றவர். பாப் டால்மன், ஜோ ஐசிங்கர் இருவரையும் எழுதவைத்தார்; ஐசிங்கர் இதற்கு ஜேசன் ஜேம்ஸ் என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். இவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. மனத்தைத் திறக்காத ஸ்பேடை வாய் ஓயாதவனாக்கினார்கள். ஒவ்வொரு வாரமும் தொலைபேசி மணி அடிக்கும். செயலாளர் எஃபி பெரின் எடுப்பாள். மறுமுனையில் ஸ்பேட்: வழக்கு முடிந்தது, வந்துகொண்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளத் தயாராக இரு என்பான். அலுவலகம் வந்ததும் தேதி, கட்சிக்காரர் பெயர், அனுப்புநர் சாமுவேல் ஸ்பேட், உரிமம் எண் 137596 என்று வரிசையாகச் சொல்லி அறிக்கையைத் தொடங்குவான். அறிக்கை மெல்லக் காட்சியாக மாறும். காட்சி முடிந்ததும் மறுபடி அறிக்கை. கடைசியில் முற்றுப்புள்ளி, அறிக்கை முடிந்தது என்பதோடு இருவரும் கொஞ்சநேரம் சீண்டிப் பேசி விடைபெறுவார்கள்.

இந்த அமைப்பை அன்றைய கேட்பவர்கள் ஒரு வாடிக்கையாக ரசித்தார்கள். தொழில் தெரிந்தவர் காதுக்கு இது வேறொன்று. வானொலி நாடகத்தின் நித்தியத் தலைவலி, இடத்தையும் ஆளையும் யார் வர்ணிப்பது என்பதுதான். பாத்திரங்களே பேசினால், “அடடா, நீ கையில் துப்பாக்கி வைத்திருக்கிறாயே” என்பது போன்ற செயற்கை வசனங்கள் வந்துசேரும். அறிவிப்பாளர் வர்ணித்தால் கதைக்கு வெளியே இருந்து ஒரு குரல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். துப்பறிவாளனே தன் வழக்கை அறிக்கையாகச் சொன்னால் இரண்டும் தீர்ந்துவிடுகிறது. அவன் பார்த்ததைச் சொல்கிறான்; சொல்வது அவன் வேலை; கேட்க எஃபி இருக்கிறாள். நாம் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ரேமண்ட் சாண்ட்லரின் ஃபிலிப் மார்லோ முதல் ஜானி டாலர் வரை, அந்தக் காலத்தின் தனியார் துப்பறிவாளர்கள் அநேகமாக எல்லாரும் ‘நான்’ என்றே கதை சொன்னதற்குக் காரணம் இலக்கியப் பாணி மட்டும் அல்ல, ஒலிவாங்கியின் தேவையும்தான்.

ஸ்பேடாக நடித்த ஹோவர்ட் டஃபுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. போர்க்காலத்தில் படையினருக்கான வானொலிப் பிரிவில் வேலை செய்தவர். பொதுமக்களுக்குப் பெயர் தெரியாதவர். போகார்ட்டைப் போலி செய்ய அவர் முயலவே இல்லை. கரகரப்பும் குறும்பும் கலந்த குரல். அடிபட்டு எழுந்தவன் பேசும் மூச்சிரைப்பை அவர் கொடுத்த விதத்தை இப்போதும் கேட்டு வியக்கலாம். எஃபியாக வந்த லுரீன் டட்டில் அதற்கு முன்பே ஹாலிவுட் வானொலியில் பழம்பெரும் கலைஞர். ஒரே நாடகத்தில் பாட்டியாகவும் பேத்தியாகவும் வரக்கூடியவர். எஃபி ஸ்பேடை நேசிக்கிறாள் என்பதை வசனத்தில் ஒருநாளும் நேராகச் சொல்லவில்லை. அவன் காயம்பட்டதைச் சொல்லும்போது அவள் எழுதுவதை நிறுத்திவிடுவாள். அந்த ஓரிரு நொடி மௌனமே போதுமானதாக இருந்தது.

குரல்களுக்குச் சமமாக உழைத்தவர்கள் ஒலி விளைவுக் கலைஞர்கள். அவர்கள் பெயரை அறிவிப்பாளர் சொன்னது அபூர்வம். நிலையத்தில் சக்கரம் வைத்த சட்டத்தில் நிஜக் கதவு ஒன்று நிற்கும்; பூட்டு, தாழ்ப்பாள், கீல் எல்லாம் நிஜம். ஒரு தட்டில் சரளைக்கல், ஒரு பலகை, ஒரு துண்டு சிமெண்ட் தரை. காட்சி தெருவுக்கு வந்தால் கலைஞர் பலகையிலிருந்து சிமெண்டில் காலை மாற்றி வைப்பார். முகத்தில் விழும் குத்துக்கு அவர் தன் உள்ளங்கையையே குத்திக்கொள்வார். துப்பாக்கிச் சத்தத்துக்கு வெற்றுத் தோட்டா. அது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்காகப் பக்கத்திலேயே ஒரு தோல் மெத்தையும் குச்சியும் தயாராக இருக்கும். நெருப்பு எரிய வேண்டுமானால் செலோஃபேன் தாளை ஒலிவாங்கியருகே கசக்கினால் போதும். லட் கிளஸ்கினின் இசைக்குழு அதே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தது. எல்லாம் நேரடி ஒலிபரப்பு. தவறினால் தவறியதுதான், நாடு முழுவதும் கேட்டிருக்கும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்ததால், பெரிய நாடகங்களை அதே நடிகர்கள் இரவில் இரண்டாம் முறை மறுபடி நடிப்பதும் அக்கால வழக்கம். நாடாவில் பதிந்து ஒலிபரப்பும் முறை அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1946 செப்டம்பர் 29 முதல் நாடகம் சி.பி.எஸ். வலையமைப்புக்கு மாறி, ஞாயிறு இரவுகளில் வந்தது. மறு ஆண்டே அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் டால்மனுக்கும் ஐசிங்கருக்கும் சிறந்த வானொலி நாடகத்துக்கான எட்கர் விருதை அளித்தது. 1949-இல் என்.பி.சி.க்குப் போயிற்று. எல்லாம் சேர்த்து 240-க்கும் மேற்பட்ட நாடகங்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. பதினாறு அங்குல ஒலித்தட்டுகளில் பதிந்து வைத்தவற்றை யாரும் பொக்கிஷமாக நினைக்கவில்லை. ஒருமுறை ஒலித்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே அன்றைய நிலை. இந்த இழப்பு எனக்கு ஆறாத வருத்தம். ஒரு நடிகரின் நான்காண்டு உழைப்பில் பெரும்பங்கு காற்றோடு போய்விட்டது.

செலவை ஏற்றது வைல்ட்ரூட் என்ற ஆண்களுக்கான தலைமுடிக் கிரீம் நிறுவனம். இங்கே அன்றைய அமெரிக்க வானொலியின் பணக்கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் வரும் விபரீதத்துக்கு வேர் அதில் இருக்கிறது. வானொலி நிலையம் நேரத்தை விற்கும். விளம்பரதாரர் அந்த நேரத்தை மொத்தமாக வாங்கி, தன் விளம்பர முகவர் வழியாக நாடகத்துக்கே பணம் கொடுப்பார். நாடகத்தின் பெயரோடு கிரீமின் பெயரும் ஒட்டியே ஒலிக்கும். கடையில் கிரீம் வாங்குபவர் ஒருவர் கோபித்துக்கொண்டாலும் அது நாடகத்தின் மேல் வந்த கோபம்தான். நடிகர் யார், எழுத்தாளர் யார் என்பதில் நிலையத்தைவிட அதிகக் கவலை கிரீம் விற்பவருக்கு இருந்தது.

ஹேமெட்டுக்கு இந்த நாடகத்தில் எழுத்து வேலை எதுவும் இல்லை. பெயரைக் கொடுத்தார், வாரந்தோறும் பணம் வந்தது. அதே சமயத்தில் அவர் பெயரால் இன்னும் இரண்டு தொடர்கள் ஓடின. ஒன்று, 1941 முதல் வந்துகொண்டிருந்த ‘தி தின் மேன்’. மற்றது ஏ.பி.சி.யின் ‘தி ஃபேட் மேன்’. அதன் பருத்த நாயகன் ஒவ்வொரு முறையும் மருந்துக்கடை எடை எந்திரத்தில் ஏறி நிற்பான், 237 பவுண்டு என்று அறிவிப்பு வரும். 1934-க்குப் பிறகு நாவலே எழுதாத ஒருவர், தன் பழைய பாத்திரங்களின் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காசநோய்க்காரராக இருந்தும் இரண்டாம் உலகப் போரில் நாற்பத்தெட்டு வயதில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, அலாஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுகளில் படைவீரர்களுக்காகச் செய்தித்தாள் நடத்திவிட்டு வந்தவர் அவர்.

ஸ்பேட் வென்றதும் போட்டி பெருகியது. சி.பி.எஸ். மார்லோவை ஜெரால்ட் மோரின் குரலில் நடத்தியது. சான் ஃபிரான்சிஸ்கோத் துறைமுகத்தில் ‘பேட் நோவாக்’ ஆக ஜாக் வெப் உவமைகளை அடுக்கித் தள்ளினார். டிக் பவல் ‘ரிச்சர்ட் டயமண்ட்’ ஆகக் கொலையைக் கண்டுபிடித்துவிட்டுக் காதலி வீட்டில் பாட்டுப் பாடுவார். இவர்களை வரும் இதழ்களில் தனித்தனியே பார்ப்போம்.

ஸ்பேடுக்கு முதல் இடி வந்தது கண்டியின் பெயரால். இலங்கைக் கண்டியின் தலதா மாளிகையில் போற்றப்படும் புத்தரின் பல்லைச் சுற்றிப் புனையப்பட்ட ‘தி கண்டி டூத்’ என்ற இரண்டு பகுதி நாடகம் 1946 நவம்பர் 24-இலும் டிசம்பர் 1-இலும் ஒலிபரப்பாயிற்று. ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில் எல்லாரும் தேடிய பருந்துச் சிலைக்குப் பதிலாக இப்போது பல். அதைத் தேடி அலைபவர், நாவலின் முடிவில் சுட்டுக் கொல்லப்பட்ட அதே பருத்த மனிதர் கட்மன். வானொலிக்காக உயிர் பிழைத்து வந்துவிட்டார். கேட்பவர்களுக்குக் கொண்டாட்டம். 1948 ஜனவரியில் ‘சஸ்பென்ஸ்’ வரிசையில் இதை ஒரு மணி நேர நாடகமாக மறுபடி போட்டார்கள். வார்னர் பிரதர்ஸ் பட நிறுவனம் அதே ஆண்டு வழக்குப் போட்டது. 1930-இல் ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் திரைப்பட, வானொலி, தொலைக்காட்சி உரிமைகளை 8,500 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். கதையை வாங்கினோம், அதனால் கதையில் வரும் ஸ்பேடும் எங்களுக்கே சொந்தம். வானொலியில் அவனை வைத்துப் புதுக்கதை சொல்ல மற்றவர்களுக்கு உரிமையில்லை என்பது அவர்கள் வாதம்.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. அதற்குள் நாட்டில் கம்யூனிஸ்டு வேட்டை சூடுபிடித்துவிட்டது. ஹேமெட் இடதுசாரி என்பது ஒளிவுமறைவான விஷயமல்ல. அரசியல் அமைப்புகளில் வெளிப்படையாகப் பொறுப்பு வகித்தவர். அவர் மேல் விசாரணை நிழல் விழுந்ததும், வாராவாரம் நாடகத்தின் தொடக்கத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட அவர் பெயர் அறிவிப்பிலிருந்து நீங்கியது. பாத்திரம் இருந்தது, படைத்தவர் இல்லை.

1950 ஜூன் 22 அன்று ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறுநூல் வந்தது. எஃப்.பி.ஐ.யில் முன்பு வேலை பார்த்தவர்கள் நடத்திய ‘கவுன்டர்அட்டாக்’ என்ற செய்தி மடல்காரர்கள் வெளியிட்டது. வானொலி, தொலைக்காட்சியைச் சேர்ந்த 151 பேரின் பெயர்களும், அவர்கள் எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார்கள், எந்த மனுவில் கையெழுத்திட்டார்கள் என்ற பட்டியலும் அதில் இருந்தன. குற்றச்சாட்டு என்று நேராக எதுவும் கிடையாது. பெயர் அச்சில் இருந்தாலே போதும், விளம்பரதாரர் ஒதுங்கிக்கொள்வார். ஹேமெட் பெயர் இருந்தது. ஹோவர்ட் டஃப் பெயரும் இருந்தது. 1943-இல் ‘லக்ஸ் வானொலி அரங்கு’ நாடகத்தில் ஸ்பேடாகப் பேசிய எட்வர்ட் ஜி. ராபின்சன் பெயரும் இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வைல்ட்ரூட் ஸ்பேடைக் கைவிட்டது. அந்த இடத்துக்குப் புதுத் துப்பறிவாளன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள்: சார்லி வைல்ட். நிறுவனத்தின் விளம்பரப் பாட்டில் கூப்பிடப்படும் ஆள் சார்லி. கிரீமின் பெயரில் பாதி வைல்ட். எந்த எழுத்தாளரும் உரிமை கோர முடியாத, எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாத துப்பறிவாளனை விளம்பரத்திலிருந்தே பிடுங்கி நட்டுவிட்டார்கள். கேட்பவர்கள் ஏமாறவில்லை. ஸ்பேடைத் திருப்பித் தரச் சொல்லி என்.பி.சி.க்குக் கடிதங்கள் குவிந்தன. 1950 நவம்பர் 17-இல் ஸ்பேட் திரும்பினான், எஃபியும் திரும்பினாள், டஃப் திரும்பவில்லை. ஸ்டீவ் டன் என்ற நடிகர் வந்தார். திறமைக் குறைவு அல்ல. இளமையான, சுத்தமான குரல். நான்காண்டாக ஒருவரின் கரகரப்புக்குப் பழகிய காதுகளில் அது வேறு யாரோ ஸ்பேட் வீட்டில் குடியேறியது போல ஒலித்தது. 1951 ஏப்ரல் 27-இல் தொடர் முடிந்தது. ‘தின் மேன்’ முந்திய ஆண்டே போயிற்று. ‘ஃபேட் மேன்’ இதே ஆண்டில் நின்றது. ஹேமெட்டின் மூன்று வருமானமும் அற்றுப்போயின.

அடுத்து வந்த ஜூலையில் ஹேமெட்டே நீதிமன்றத்தில் நின்றார். குடிமை உரிமைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஜாமீன் நிதிக்கு அவர் அறங்காவலர் குழுத் தலைவர். அந்த நிதியிலிருந்து ஜாமீன் பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்களில் நால்வர், மேல்முறையீடு தோற்றதும் சரணடையாமல் தலைமறைவானார்கள். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. பட்டியல் வெளியானால் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் என்ன நடக்கும் என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொல்ல வேண்டியவருக்கும் தெரியும். ஹேமெட் பதில் சொல்ல மறுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும், தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும் கட்டாயத்திலிருந்து காக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைச் சுட்டினார். நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு மாதச் சிறை. ஏறத்தாழ ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு, 1951 டிசம்பரில் கென்டக்கி மாநில ஆஷ்லண்ட் சிறையிலிருந்து உடல் தளர்ந்து வெளியே வந்தார்.

கட்சிக்காரரின் ரகசியத்தைப் போலீசுக்குச் சொல்ல மறுத்து லாக்கப்பில் உட்காரும் துப்பறிவாளன், வானொலியில் வாரம் நான்கு பேராவது வந்துகொண்டிருந்த காலம் அது. ஹேமெட்டின் அரசியலோடு எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தச் சாட்சிக் கூண்டில் அவர் நடந்துகொண்டதை அந்த நாடகங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

வெளியே வந்தவருக்கு வருமானவரித்துறையின் பாக்கி காத்திருந்தது. அவர் சம்பாதிக்கக்கூடியதை எல்லாம் வரிக்கடன் விழுங்கிக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் கட்டோனாவில் நண்பர் தந்த சிறு வீட்டில் ஒதுங்கினார். 1953-இல், கம்யூனிஸ்டு வேட்டையில் முன்னின்ற செனட்டர் மக்கார்த்தியின் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க நூலகங்களிலிருந்து அவர் நூல்கள் கொஞ்சகாலம் அகற்றப்பட்டன.

வார்னர் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1954-இல்தான் வந்தது. ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் ஹேமெட்டின் பக்கம் சாய்ந்தது. துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரே நாயகனைக் கதைக்குக் கதை கொண்டுசெல்வது வழக்கம். கதையை விற்றதால் நாயகனையும் விற்றதாக ஆகாது. ஒப்பந்தத்தில் பாத்திரத்தைப் பற்றித் தெளிவாக எழுதப்படாதபோது அவன் எழுத்தாளரிடமே இருக்கிறான் என்றது. 1932-இல் ஹேமெட் ஸ்பேடை வைத்து மூன்று சிறுகதைகள் எழுதியபோது வார்னர் ஆட்சேபிக்கவில்லை என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் நீதிபதிகள் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்கள்: பாத்திரமே கதையாக இருந்தால்தான் அதற்குத் தனிக் காப்புரிமை, கதை சொல்லும் ஆட்டத்தில் வெறும் சதுரங்கக் காயாக இருந்தால் கிடையாது. ஸ்பேடைக் காப்பாற்றிய அந்த வாக்கியமே பின்னர் வேறு எழுத்தாளர்களின் பாத்திரங்களுக்கு எதிராக நீதிமன்றங்களில் எடுத்து வீசப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் ‘சாம் ஸ்பேட் வழக்கு’ என்று இதைக் கற்கிறார்கள்.

ஆக, ஸ்பேட் ஹேமெட்டுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னபோது, அவனை வாங்க எந்த நிலையமும் இல்லை. ஹேமெட் 1961 ஜனவரி 10 வரை இருந்தார். இன்னொரு நாவலை எழுதி முடிக்கவில்லை. இரண்டு போர்களில் பணிபுரிந்தவர் என்பதால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். டஃப் திரைப்படங்களுக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் போய் நீண்ட நாள் நடித்தார்.

அடுத்த இதழில்: செலவுக் கணக்கு எழுதியே கதை சொன்ன காப்பீட்டுத் துப்பறிவாளன் ஜானி டாலர். 1949-இல் தொடங்கி, எல்லாரும் தொலைக்காட்சிக்குப் போன பிறகும் 1962 செப்டம்பர் 30 வரை வானொலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன்.

(தொடரும்)